ஷெட்டுல நிக்கிற ஜீப்பும் 31 இன்ச் டயரும்: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல கடைசியா ஒரு வரி, ‘பழைய ஜீப், ஜிப்ஸி வெச்சு நோண்டறவங்க இருந்தா எழுதுங்க’ன்னு போட்டேன், அவ்வளவுதான். கடுதாசி, வாட்ஸ்அப், வாய்ஸ் மெசேஜ்னு வந்து குமிஞ்சிருச்சுங்க. எல்லாத்துக்கும் இங்க எடம் பத்தாது, ஒரே கேள்விய பத்துப் பேர் கேட்டிருந்தா ஒருத்தரோடத மட்டும் எடுத்திருக்கேன். முன்னாடியே சொல்லிடறேன், நான் மெக்கானிக் இல்ல. கோயம்புத்தூர்ல லேத் பட்டறை வெச்சிருக்கறவன், ஞாயித்துக்கிழமை ஆனா ஜீப்புக்கு அடியில படுத்துக் கெடக்கற ஆளு. அந்த அளவுக்கு நம்புங்க போதும்.

அண்ணே, எங்க தாத்தாவோட மஹிந்திரா எம்எம் 540 பதினோரு வருஷமா ஷெட்ல நிக்குது. போடிமெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏத்திட்டுப் போன வண்டி. தாத்தா போனதுக்கப்புறம் யாரும் தொடல. எனக்கு 31 இன்ச் டயர், முன்னாடி இரும்பு பம்பர், சிக்குன வண்டிய இழுக்கற வின்ச் மோட்டார், மேல எல்இடி பார் எல்லாம் போட்டு எடுக்கணும்னு ஆசை. மொதல்ல எதை வாங்கட்டும்?
– உத்தமபாளையம்

மொதல்ல ரெண்டு கிலோ பனியன் வேஸ்ட் வாங்கு தம்பி. நெசமாத்தான் சொல்றேன், அடுத்த மூணு மாசத்துக்கு உனக்கு வேண்டியது அதுதான்.

அதுக்கும் முன்னாடி பீரோவத் தொறந்து ஆர்சி புக்கைத் தேடு. வண்டி இன்னும் தாத்தா பேர்லதான் இருக்கும், ஓனர் இறந்துட்டா பேர் மாத்த ஃபார்ம் 31, கூட வாரிசு சான்றிதழ் எல்லாம் கேப்பாங்க. 15 வருஷம் தாண்டுன சொந்த வண்டிக்கு ஃபார்ம் 25 போட்டு எஃப்சி காட்டி 5 வருஷத்துக்கு ஒருவாட்டி புதுப்பிக்கணும், 2022 ஏப்ரல்ல இருந்து அந்தக் கட்டணமும் நல்லாவே ஏறிடுச்சு. இன்னொண்ணு, ஆள் ஏத்துன வண்டின்னு சொல்ற, அது மஞ்ச போர்டா இருந்துச்சான்னு பாத்துக்க, அப்படின்னா அது தனிக் கதை. சேஸ் நம்பரை துரு சொரண்டி புக்கோட ஒத்துப் பாரு. நம்பர் ஒத்துவரலேன்னா ஸ்பேனரைக் கீழ வெச்சிட்டு எந்திரிச்சிரு, அந்த வண்டில ஒத்த ரூபா போடாத.

அப்புறம் வண்டி. சாவியப் போட்டு ‘ஒருவாட்டி ஸ்டார்ட் பண்ணிப் பாக்கலாமே’ன்னு கை அரிக்கும், எனக்கும் அரிச்சிருக்கு, பண்ணிராத. எம்எம் 540ல இருக்கறது பியூஜோ டீசல் இன்ஜின், ஒழுங்கா வெச்சா கொள்ளுத்தாத்தா ஆகற வரைக்கும் ஓடும், ஆனா 11 வருஷம் நின்ன இன்ஜின்ல சிலிண்டர் சுவரு காய்ஞ்சு ரிங்கு ஒட்டிக்கெடக்கும். ஹீட்டர் பிளக்கக் கழட்டி ஒவ்வொரு ஓட்டையிலயும் கொஞ்சம் ஆயில் விட்டு ரெண்டு நாள் ஊறவிட்டு, முன்னாடி புல்லி நட்டுல ஸ்பேனர் போட்டு கையால மெதுவா சுத்து. சுத்துச்சுன்னா பாதி ஜெயிச்ச மாதிரி. சுத்தலேன்னா முக்காதே, இன்னும் ஊறட்டும். டீசல் டேங்க்க எறக்கிக் கழுவணும், உள்ள அல்வா மாதிரி ஒண்ணு இருக்கும், அது பம்புக்குப் போச்சுன்னா வின்ச் காசு பம்பு சர்வீஸ்காரருக்குத்தான்.

இன்ஜின் ஓடலேன்னா வண்டி வீட்டோட நிக்கும், யாருக்கும் ஒண்ணும் ஆகாது. ஓடி பிரேக் புடிக்கலேன்னாதான் வம்பு. அதனால இன்ஜினுக்கு முன்னாடியே பிரேக்க முடிச்சிரு. நாலு சக்கரமும் டிரம்ம கழட்டு, வீல் சிலிண்டர் எல்லாம் இறுகிப்போய்த்தான் இருக்கும். பழைய ஜீப்புல பாதிக்கு மேல மாஸ்டர் சிலிண்டர் ஒத்த சர்க்யூட்டு, எங்கயோ ஒரு எடத்துல பைப்பு விட்டாலும் நாலு சக்கரத்துக்கும் சேந்து போயிரும். எனக்குப் போச்சு. வால்பாறையில இருந்து எறங்கறப்போ, 40 கொண்டையூசி வளைவுல பாதி கூட தாண்டல, பெடலு அப்படியே தரைக்குப் போயிருச்சு. நல்லவேளை லோவுல, அதாவது வண்டிய இன்னும் மெதுவா இழுக்கற கியர் செட்டுல, செகண்ட் கியர்ல வந்துட்டிருந்தேன், ஃபர்ஸ்டுக்குத் தட்டி மலைப்பக்கத்து சாக்கடைல எறக்கி நிறுத்துனேன். பாத்தா, ஒரு பட்டறையில எனக்கு இரும்பு பிரேக் பைப்புக்குப் பதிலா சாதா செம்புக் குழாய வளைச்சுப் போட்டு அனுப்பிருக்காங்க, செம்பு அதிர அதிர இறுகி வெடிச்சிரும். அன்னையில இருந்து நான் யார் வண்டியப் பாத்தாலும் மொதல்ல கீழ குனிஞ்சு பைப்பத்தான் பாக்கறது, பெயிண்ட்ட இல்ல.

பம்பர் பத்தி கேட்ட. முன்னாடி வளைச்சு வளைச்சு வெக்கிற இரும்பு கிராஷ் கார்டு வேண்டாம்னு 2017 டிசம்பர்லயே மத்திய அரசு சொல்லிடுச்சு, நடந்து போறவன் மேல பட்டா எலும்பு மிஞ்சாது. எல்இடி பாரும் ரோட்டுக்கு ஆகாது. வின்ச் பத்தி அப்புறம் பேசலாம், அது சேஸோட வலுவப் பொறுத்தது. ஒரு சின்ன சுத்தியல எடுத்து சேஸ் முழுக்கத் தட்டிக்கிட்டே போ, கணீர்னு கேட்டா இரும்பு, பொத்துன்னு கேட்டா துரு. பின்னாடி ஸ்பிரிங் பட்டைய சேஸோட இணைக்கற ஷாக்கில் மாட்டற எடத்துல நல்லாத் தட்டு. அப்புறம் அந்த வண்டிய அப்படியே, தாத்தா ஓட்டுன மாதிரியே, ஒரு வருஷம் ஓட்டு. என்ன மாத்தணும்னு வண்டியே சொல்லும்.

அதெல்லாம் சரிங்க, பெரிய டயர் போட்டா என்னதான் ஆகும்? எல்லாரும் போடறாங்களே!
– திருப்பூர், பொள்ளாச்சி, நாகர்கோவில், இன்னும் ஏழெட்டு ஊரு

கணக்குப் போட்டே பாத்துருவோம். பழைய வில்லிஸ் (ஜீப் செஞ்ச அமெரிக்கக் கம்பெனி) வகையறாவுக்கு வர்ற 6.00-16 டயரு தரையில இருந்து மேல வரைக்கும் சுமாரா 29 இன்ச். இப்ப நெறைய பேர் போடற 235/75 ஆர் 15 அதுவும் ஏறக்குறைய அதே உசரம்தான், அகலம்தான் கூட, அதனாலதான் அது தொந்தரவில்லாம உக்காருது. 31 போட்டா உசரம் ஒரு 7 சதவீதம் கூடுது. கிரவுன் பினியன் ரேஷியோ, அதாவது சக்கரம் ஒரு சுத்து சுத்த இன்ஜின் பக்கமிருந்து வர்ற ஷாஃப்ட் எத்தனை சுத்து சுத்தணும்ங்கற கணக்கு, 5.38 இருக்கற வண்டி 5.03 இருக்கற மாதிரி நடந்துக்கும், ஸ்பீடோமீட்டர் 60 காட்டறப்போ நெசமா 64ல போவீங்க. இது தாங்கும். 33க்குப் போனா 5.38ங்கறது 4.73 ஆயிருது, அப்போ மேட்டுல ஃபர்ஸ்ட் கியரே செகண்ட் மாதிரி மூச்சு வாங்கும், பெட்ரோல் வண்டின்னா கிளட்ச்ச தேய்ச்சுத்தான் கெளப்பணும்.

வில்லிஸோட பழைய சிஜே மாடல் ஜீப்புங்க கல்லு மேல அப்படி ஊர்ந்து ஏறுனதுக்குக் காரணம் குதிரை சக்தி இல்லைங்க, பெருக்கல் வாய்ப்பாடு. டி-90 கியர் பாக்ஸ்ல ஃபர்ஸ்ட் 2.798, டேனா 18 டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் ஆக்ஸிலுக்கு பவரப் பிரிச்சுக் குடுக்கற பெட்டி) லோ 2.46, ஆக்ஸில்ல அந்த கிரவுன் பினியன் 5.38. மூணையும் பெருக்குனா 37. இன்ஜின் 37 சுத்து சுத்துனாத்தான் சக்கரம் ஒரு சுத்து. நீங்க 33 இன்ச் மாட்டி அந்த 37ல இருந்து ஒரு நாலரைய எடுத்து எறிஞ்சிட்டு, அப்புறம் பவர் பத்தலைன்னு இன்ஜின் மாத்தறீங்க, இன்ஜின் மாத்துனதும் ஆக்ஸில் ஷாஃப்ட் முறுக்கிக்குது, ஷாஃப்ட் மாத்துனா கிரவுன் பல்லு ஒடையுது, எல்லாம் மாத்துனப்புறம் பிரேக்கு மட்டும் 1950கள்ல இருந்த அதே 9 இன்ச் டிரம்மு. டயர் கடையில ஆரம்பிச்சவன் என் லேத்துக்கு வந்துதான் நிக்கிறான், எனக்கு வியாபாரம்தான், இருந்தாலும் சொல்றேன்.

அப்புறம் ஸ்டியரிங். பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டில அகல டயர் போட்டு ஒரு கல்லுல முன் சக்கரம் மோதுச்சுன்னா ஸ்டியரிங் வீலு திருப்பி அடிக்கும், கட்டைவிரல உள்ள வெச்சுப் புடிச்சிருந்தீங்கன்னா மாவுக்கட்டுதான். விரல வெளிய வெச்சுப் புடிச்சுப் பழகுங்க.

ஐயா, ஓய்வு பெற்ற ஒரு வாத்தியார்கிட்ட இருந்து 1964 சிஜே-3பி வாங்கியிருக்கேன், பெட்ரோல். ஓடுது, ஆனா குடிக்குது. மெக்கானிக், ‘இந்த இன்ஜினைத் தூக்கிப் போட்டுட்டு பிக்கப் டீசல் ஒண்ணு எறக்கிரலாம்’ங்கறார். செய்யலாமா?
– சேலம்

வேண்டாங்க. கெஞ்சிக் கேக்கறேன்.

அந்த வண்டி மொகத்தைப் பாருங்க, பானெட்டு மட்டும் ஏன் அப்படி உசரமா தூக்கிட்டு நிக்குதுன்னு. அதுக்கு முன்னாடி இருந்த இன்ஜின்ல ரெண்டு வால்வும் பிளாக்குலயே பக்கவாட்டுல இருக்கும், 60 குதிரை. அப்புறம் வில்லிஸ்காரன் இன்டேக் வால்வ மட்டும் ஹெட்டுக்கு மேல ஏத்தி 70க்கு மேல எடுத்தான், அந்த ஹரிக்கேன் இன்ஜின் உசரமாயிருச்சு, பழைய பானெட்டுக்குள்ள அடங்கல. புதுசா டிசைன் பண்ணாம பானெட்டையும் கிரில்லையும் அப்படியே மேல இழுத்துட்டான். 1953ல அமெரிக்காவுல வந்துச்சு, அங்க 1968ல நிறுத்திட்டாங்க. மஹிந்திரா அதே மூஞ்சிய இன்னும் பல வருஷத்துக்கு இங்க செஞ்சாங்க, நம்ம ஊர்ல ‘ஜீப்பு’ன்னு சொன்னா மனசுல வர்ற மூஞ்சியே அதுதான். அந்த இன்ஜினைத் தூக்கிட்டா அந்த உசர பானெட்டுக்கு அர்த்தமே போயிருது.

உணர்ச்சிய விடுங்க, சட்டத்துக்கு வருவோம். மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு, கம்பெனி குடுத்த அடிப்படை அமைப்ப இஷ்டத்துக்கு மாத்தக்கூடாதுங்குது, 2019 ஜனவரில உச்ச நீதிமன்றமும் அதையே அழுத்திச் சொல்லிடுச்சு. அதே வருஷம் வந்த திருத்தத்துல, மாத்துன ஒவ்வொரு ஐட்டத்துக்கும் 5,000 ரூபா அபராதம், இல்ல 6 மாசம் வரைக்கும் ஜெயிலு, ரெண்டும் சேந்தும் வரலாம். ஆர்டிஓ அனுமதி இல்லாம வேற இன்ஜின் எறக்குனா, நாளைக்கு ஒரு ஆக்சிடென்ட் ஆச்சுன்னா இன்சூரன்ஸ்காரன் மொதல்ல பாக்கறது இன்ஜின் நம்பரத்தான்.

உங்களுக்கு இன்னொரு வழி இருக்கு, டீசல் இன்ஜின் எறக்கிட்டா அது கெடைக்காது. 2021 ஜூலைல விண்டேஜ் வண்டிகளுக்குன்னு தனி விதி வந்துச்சு. 50 வருஷம் தாண்டியிருக்கணும், சேஸ், பாடி, இன்ஜின்ல பெரிய மாத்தம் இருக்கக்கூடாது. நம்பர்ல ‘விஏ’ன்னு வரும், 10 வருஷத்துக்கு செல்லும். தெனமும் ஓட்டக்கூடாது, வாடகைக்கு விடக்கூடாது, கண்காட்சி, ரேலி, பெட்ரோல் போட இந்த மாதிரிக்குத்தான். உங்க வண்டி 1964. கணக்கு பண்ணிக்கோங்க. தெனமும் ஆபீஸ் போகணும்னா சாதாரண ரெஜிஸ்ட்ரேஷன்லயே விடுங்க.

குடிக்கறதுக்கு: கார்புரேட்டர சுத்தம் பண்ணுங்க, இக்னிஷன் டைமிங் பாருங்க, நாலு டிரம்முல ஏதாவது ஒண்ணு ஒட்டிட்டே ஓடுதான்னு பாருங்க. பாதி வண்டி பெட்ரோல் குடிக்கறது பிரேக் ஷூ ஒட்டறதுனாலதான். அப்புறம், இப்ப பங்க்ல வர்ற பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால், அந்தக் காலத்து ரப்பர் ஓஸும் பம்பு டயாஃப்ரமும் அதுக்குத் தாங்காது, ஊறிப்போய் கிழியும். எத்தனால் தாங்கற ரப்பரா மாத்திருங்க, சூடான இன்ஜின் மேல பெட்ரோல் சொட்டறது வெளையாட்டு இல்ல.

கியர் பாக்ஸ்ல ஆயில் குறைஞ்சுக்கிட்டே வருது, தரையில ஒரு சொட்டு இல்ல. மாயமா?
– தர்மபுரி

டி-90ன்னா மாயமில்ல, பக்கத்து வீட்டுக்குப் போகுது. டேனா 18 டிரான்ஸ்ஃபர் கேஸ் பிளக்கக் கழட்டுங்க, அங்க நெறஞ்சு வழியும். ரெண்டும் ஒட்டிக்கிட்டே இருக்கறதால நடுவுல ஆயில் கசிஞ்சு போகும். ரெண்டுலயும் ஒரே ஆயில் விடுங்க, டப்பாவுல ஜிஎல்-4ன்னு தரம் போட்டிருக்கான்னு பாத்து வாங்குங்க. கடைக்காரர் ஜிஎல்-5 இன்னும் ஒசத்தின்னுவார், அது கியர் சுலபமா விழ வெக்கிற சின்க்ரோ பித்தளை வளையத்த அரிச்சிரும்.

நான் கோத்தகிரியில ஜிப்ஸி எம்ஜி 413 ஓட்டறேன். 2 இன்ச்சாவது ஒசத்தணும். கேரேஜ்ல ஸ்பிரிங் பட்டையை ஆக்ஸிலுக்கு மேல போட்டுரலாம்னு சொல்றாங்க. சொல்றதும் என்கிட்ட இல்ல, கூட வந்த என் தம்பிகிட்ட. அவனுக்கு ஸ்டெப்னி மாத்தக்கூடத் தெரியாது!
– வாசகி, நீலகிரி

மேடம், அடுத்தவாட்டி தம்பிய வீட்லயே விட்டுட்டுப் போங்க. ‘டிராக் லிங்க்க என்ன பண்ணப் போறீங்க?’ன்னு ஒரு கேள்வி கேளுங்க, அவர் மொகம் உங்க பக்கம் திரும்பிரும். (டிராக் லிங்க்ங்கறது ஸ்டியரிங்க சக்கரத்தோட இணைக்கற ராடு.)

ஏன்னா விஷயமே அதுதான். ஜிப்ஸில பட்டை ஆக்ஸிலுக்குக் கீழ இருக்கு. அதை மேல தூக்கி வெச்சா ஒரே அடியா 4, 5 இன்ச் ஏறும், 2 இல்ல. ஏறுனதும் ஸ்டியரிங் டிராக் லிங்க் பட்டையில இடிக்கும், அதை இசட் மாதிரி வளைச்ச ராடா மாத்தணும். பிரேக் ஓஸ் நீளம் பத்தாது. ப்ராப்பல்லர் ஷாஃப்ட் சரிஞ்சு நின்னு க்ராஸ் ஜாயின்ட்டத் திங்கும். லோவுல அழுத்துனா பட்டை ‘எஸ்’ மாதிரி முறுக்கிக்கும், அதுக்கு ஒரு ராடு வெல்டு வெக்கணும். இவ்வளவும் ஒழுங்கா பண்ணத் தெரிஞ்சவங்க இருக்காங்க, ஆனா அது போட்டிக்கு ஓட்டற வண்டிக்கு. அப்படி ஒசத்துன வண்டியோட கோத்தகிரி வளைவுல தெனமும் எறங்கறதுங்கறது, ஏணி மேல நின்னுட்டு சைக்கிள் ஓட்டற மாதிரி.

அதவிட ஒரு விஷயம், யாரும் சொல்ல மாட்டாங்க. சஸ்பென்ஷன எவ்வளவு ஒசத்துனாலும் பாடிதான் மேல போகும், டிஃப்ரன்ஷியல் உருண்டை அதே எடத்துலதான் தொங்கும். கல்லு இடிக்கிறது அந்த உருண்டையில. அது மேல போகணும்னா டயரு பெருசாகறது ஒண்ணுதான் வழி. உங்களுக்கு எஸ்டேட் ரோட்ல எது இடிக்குதுன்னு மொதல்ல பாருங்க. பழைய ஜிப்ஸில பட்டை தளர்ந்து தட்டையாத்தான் இருக்கும், நல்ல பட்டை போட்டு கம்பெனி உசரத்துக்குக் கொண்டு வந்தாலே பாதி சரியாயிரும். நீளமான ஷாக்கில் போட்டா கொஞ்சம் ஏறும், ஆனா காஸ்டர் கோணம், அதாவது முன் சக்கரம் திரும்பற அச்சோட சாய்வு, மாறி ஸ்டியரிங் அங்கயும் இங்கயும் அலையும், ஆக்ஸிலுக்கும் பட்டைக்கும் நடுவுல ஆப்பு வெச்சுத்தான் சரி பண்ணணும். இந்த ஆப்பு நல்ல ஆப்பு, பயப்படாதீங்க. 1985ல வந்து 2019 வரைக்கும் பெருசா மாறாம ஓடுன வண்டி அது, சும்மா வரல.

தார் ரோட்ல ஃபோர் வீல் போட்டு ஓட்டுனா கிரிப் நல்லா இருக்குமா?
– திருநெல்வேலி

கூடாது. வளைவுல முன் சக்கரம் கூடுதல் தூரம் போகுது, பின் சக்கரம் கம்மியா போகுது, பழைய ஜீப்புல நடுவுல டிஃப்ரன்ஷியல் கெடையாது, முறுக்கு எங்க போகும்? கியருக்குள்ள ஏறி லிவரே வெளிய வராம சிக்கிக்கும். சிக்கிருச்சுன்னா லிவர ஒதைக்காதீங்க, கொஞ்சம் ரிவர்ஸ் போங்க, தானா விடும். மண்ணு, சேறு, மணல், அங்க மட்டும்.

நாங்க அஞ்சு நண்பர்கள், மூணு ஜீப். மேகமலைக் காட்டுக்குள்ள ஆத்துல எறங்கி ஓட்டலாம்னு ப்ளான். என்னென்ன கொண்டு போகணும்?
– மதுரை

வக்கீல் நம்பர். அது 2021ல இருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம், கேஸ் ஆச்சுன்னா ஜீப்பையும் சேத்துத்தான் இழுத்துட்டுப் போவாங்க, உங்க ஜீப்பு ரேஞ்ச் ஆபீஸ் வாசல்ல மழைல நனையும். தெரிஞ்சவங்க தோட்டம், செங்கல் சூளைக்கு மண்ணெடுத்த பட்டா நெலம், இந்த மாதிரி எடத்துல சொல்லிட்டு எறங்குங்க. ஆசையா இருந்தா சூரியநெல்லி போய் வாடகை ஜீப்புல கொழுக்குமலை ஏறிட்டு வாங்க, அந்த டிரைவருங்க காலப் பாருங்க, எறக்கத்துல பிரேக்க எவ்வளவு கம்மியா மிதிக்கிறாங்கன்னு.

சிக்குன வண்டிய இழுக்க இரும்புச் சங்கிலி வேண்டாம், கல்யாணத்துக்கு பந்தக்கால் கட்டற கயிறும் வேண்டாம். நீளற மாதிரி ரெக்கவரி ஸ்ட்ராப் வாங்குங்க, சேஸோட போல்ட் போட்ட கொக்கில மட்டும் மாட்டுங்க. டிரெய்லர் இழுக்கற இரும்பு உருண்டையில மாட்டிராதீங்க, ஒடைஞ்சா அது குண்டு மாதிரி கண்ணாடிய ஒடச்சிட்டு உள்ள வரும். இழுக்கறப்போ மத்தவங்க ஸ்ட்ராப் நீளத்துல ஒன்றரை மடங்கு தள்ளி நில்லுங்க. வீடியோ எடுக்கறவனும்தான்.

என் வீட்டுக்காரர் நாலு வருஷத்துக்கு முன்னாடி ஒரு ஜீப் வாங்கி பிரிச்சார். இன்னும் வராண்டால கியர் பாக்ஸ் கெடக்கு, பூஜை ரூமுக்குப் பக்கத்துல கதவு ரெண்டு சாத்தி வெச்சிருக்கார். கேட்டா ‘இந்த தீபாவளிக்கு முடிஞ்சிரும்’ங்கறார். எந்த தீபாவளி?
– வாசகி, ஈரோடு

சகோதரி, நீங்க கேக்கறத எங்க வீட்டம்மா படிச்சிட்டு ரெண்டு நாளா என்கிட்ட சரியாப் பேசல. என்னோடது ஆறு வருஷம் ஆச்சு. அவர் பண்ண தப்பு எல்லாரும் பண்றதுதான், ஓடிட்டிருந்த வண்டிய மொத்தமா பிரிச்சிட்டார். ஒரு நேரத்துல ஒரு வேலை, அது முடிஞ்சு வண்டி தெருக்கோடி வரைக்கும் போய்ட்டு வந்தப்புறம்தான் அடுத்த வேலைன்னு வெச்சிருந்தா இந்நேரம் நீங்க அதுல பவானிக்குப் போய்ட்டு வந்திருப்பீங்க.

இப்ப ஒண்ணு பண்ணுங்க. மொத வேலை, சேஸ்ல நாலு சக்கரமும் மாட்டி உருளற மாதிரி ஆக்கச் சொல்லுங்க, உருண்டுச்சுன்னா வராண்டாவ விட்டு ஷெட்டுக்குத் தள்ளிரலாம். ரெண்டாவது, நட்டு போல்ட் எல்லாத்தையும் டப்பா டப்பாவா பிரிச்சு எது எங்க இருந்துச்சுன்னு எழுதி ஒட்டச் சொல்லுங்க, நாலு வருஷத்துல அவருக்கே மறந்திருக்கும், வெளிய சொல்ல மாட்டார். டப்பா குடுக்கறது உங்க பொறுப்பு. இட்லிப் பாத்திரத்துல மண்ணெண்ணெய் ஊத்தி பேரிங் கழுவாம இருக்கறது அவர் பொறுப்பு. ஏற்கெனவே கழுவிட்டார்னா அந்தப் பாத்திரத்தையும் ஷெட்டுக்கே அனுப்பிருங்க.